நான் அழித்த முகூர்த்தம்

பிள்ளைகளே, ஒன்றை உருவாக்கத்தான் திறமை வேண்டும், அழிப்பதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சுத்தத் தப்பு. அழிப்பதுதான் பெரிய வேலை. அதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாதவன் கையில் ஒரு கம்ப்யூட்டர் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல, காரைக்கால் வட்டாரத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. உங்கள் பெரியம்மா கழுத்தில் தாலி ஏறிய அந்த ஒரு நிமிஷத்தை, நானே எழுதிய புரோகிராமைக் கொண்டு, துளி மிச்சமில்லாமல் துடைத்தவன் நான். அதோடு சேர்ந்து உங்கள் அம்மாவும் எனக்குக் கிடைக்காமல் போயிருக்க வேண்டும். எப்படியோ கிடைத்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் காரைக்காலில் சேவியர் அண்ணனின் போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். என்ன வேலை என்றால், லைட் பிடிக்கிற வேலை. கல்யாண மேடையில் போட்டோ எடுப்பவருக்குப் பக்கத்தில், ஒரு கம்பில் விளக்கை மாட்டித் தூக்கிக்கொண்டு, யார் காலையாவது மிதித்தபடி ஒருவன் நிற்பான் இல்லையா? அவன்தான் நான். (இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அவனைப் பார்த்தால் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவேன்.)

லைட் பிடித்த நேரம் போக மிச்ச நேரத்தில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். கோ என்று ஒரு மொழி. அதில் நாம் எழுதுவதை கம்பைலர் என்ற ஒருத்தர் முதலில் முழுக்கப் படித்துப் பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால்தான் அதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி ஒரே மூச்சில் மாற்றிக் கொடுப்பார். ரொம்பக் கண்டிப்பான ஆள். ஒரு பெயரை எழுதி வைத்துவிட்டு அதை எங்கேயும் பயன்படுத்தாமல் விட்டால்கூட, 'இது எதுக்கு இங்க கெடக்குது?' என்று கோபித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடுவார். ஆனால் ஒருத்தருடைய கல்யாணப் படங்களை மொத்தமாக அழிக்கப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். எழுத்து ஒழுங்காக இருந்தால் அவருக்குப் போதும். நம் புத்தி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

இப்போது குடும்ப விஷயத்துக்கு வருகிறேன். என் அம்மாவின் தம்பி, நெடுங்காட்டு மாமா. அரசாங்க ஆபீஸில் வேலை, ஊரில் நெல் வயல், இரண்டு பெண்கள். மூத்தவர் வினோதினி, உங்கள் பெரியம்மா. இளையவர் சுகன்யா, உங்கள் அம்மா. மாமா மகள் என்பதால் சுகன்யா எனக்குத்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எண்ணம். எனக்கு எண்ணம் மட்டும் இல்லை, முடிவே இருந்தது. சுகன்யாவுக்கும் மறுப்பில்லை. மாமா மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருநாள் என் அம்மா அவரிடம் நேரடியாகக் கேட்டபோது, "லைட் பிடிக்கிறவனுக்குப் பொண்ணைக் கொடுத்தா, கரண்டு போன அன்னிக்கு என்னக்கா செய்வான்?" என்று கேட்டாராம். அக்கா மகனை ஊரில் எல்லோரும் மாப்ள என்று கூப்பிடுவார்கள். அவர் என்னைத் தம்பி என்றே கூப்பிடுவார். ஜாக்கிரதையான மனுஷன்.

அப்படி இருக்கும்போது வினோதினிக்குத் திருமலைராயன்பட்டினத்து மாப்பிள்ளை இளங்கோவோடு கல்யாணம் நிச்சயமானது. என் அம்மா மாமாவை நச்சரித்து, போட்டோ எடுக்கும் வேலையைச் சேவியர் அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். வீடியோ வேண்டாம், எல்லார் கையிலும்தான் போன் இருக்கிறதே என்று மாமா சொல்லிவிட்டார். இந்தக் கல்யாணத்தில் நான் யார் என்று மாமாவுக்குக் காட்டியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். காட்டவும் செய்தேன்.

எங்கள் ஸ்டுடியோவில் அப்போது நம்பி எடுக்கிற மாதிரி மெமரி கார்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்யாணத்துக்கு நடுநடுவே அதைக் கழற்றி, மேடைக்குப் பக்கத்து அறையில் இருக்கும் லேப்டாப்பில் படங்களைக் காப்பி எடுத்து, கார்டைக் காலி செய்து, மறுபடி கேமராவில் போட வேண்டும். சேவியர் அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு சடங்குக்கும் கேமராவில் ஒரு புது ஃபோல்டர் திறந்துவிடுவார். மாலை மாற்றுவது ஒரு ஃபோல்டர், தாலி கட்டுவது ஒரு ஃபோல்டர், பந்தி ஒரு ஃபோல்டர். ஆல்பம் போடும்போது தேட வேண்டியதில்லை. நல்ல பழக்கம்தான். பழக்கத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இந்தக் காப்பி எடுத்துக் காலி செய்கிற வேலையை ஏன் கையால் செய்ய வேண்டும், புரோகிராம் செய்யட்டுமே என்று நான் உட்கார்ந்து எழுதினேன். காப்பி எடுத்த உடனே கார்டில் இருப்பதை அழித்துவிட்டால், லேப்டாப்புக்கு ஏதாவது ஆனால் படம் போச்சு. அதனால் ஒரு சுற்று விட்டுவைப்போம் என்று யோசித்தேன். (என் வாழ்க்கையில் நான் இவ்வளவு பொறுப்பாக யோசித்தது அதுதான் முதல் தடவை.) கார்டைச் செருகியதும் புரோகிராம் ஒவ்வொரு ஃபோல்டரையும் பார்க்கும். போன தடவை நான் காப்பி எடுத்த நேரத்துக்கு முன்னால் உருவான ஃபோல்டரா? அப்படியானால் அது ஏற்கெனவே லேப்டாப்பில் பத்திரமாக இருக்கிறது, அழித்துவிடு. அதற்குப் பின்னால் உருவானதா? அது புதுசு, காப்பி எடு. இவ்வளவுதான்.

அழிக்க அந்த மொழியில் இரண்டு வழி உண்டு. ஒன்றின் பெயர் ரிமூவ். அது நாகரிகமான ஆள். ஃபோல்டர் காலியாக இருந்தால்தான் அழிக்கும். உள்ளே ஒரே ஒரு படம் இருந்தாலும், 'வீட்டுல ஆள் இருக்காங்க, என்னால முடியாது' என்று திரும்பி வந்துவிடும். முதலில் அதைத்தான் போட்டேன். அது திரும்பி வந்து வந்து சொன்னதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னொன்று ரிமூவ் ஆல். அதற்குக் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. உள்ளே படம் இருந்தாலும், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இருந்தாலும், மொத்தமாக மண்ணோடு மண்ணாக்கிவிட்டு அமைதியாக நிற்கும். இல்லாத ஃபோல்டரை அழிக்கச் சொன்னால்கூட, அழித்துவிட்டேன் என்ற முகத்தோடுதான் நிற்கும். எனக்கு அதன் குணம் பிடித்துப்போனது. அதையே போட்டேன். எல்லாம் முடிந்ததும் திரையில் வருவதற்கு ஒரு வரியும் எழுதினேன்: 'எல்லாம் நல்லபடியாக முடிந்தது.'

முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பில் புரோகிராம் பிரமாதமாக வேலை செய்தது. கார்டைச் செருகுவேன், ஒரு தட்டு, காப்பி, அழிப்பு, நல்லபடியாக முடிந்தது. அந்தப் பக்கம் வந்த சுகன்யாவை நிறுத்திக் காட்டினேன். மாமாவையும் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். ரிமூவுக்கும் ரிமூவ் ஆலுக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கினேன். மாமா முழுவதும் கேட்டுவிட்டு, "அழிக்கிறதுக்கு ஒரு படிப்பா தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சமையல் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை முகூர்த்தம். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் தர்மலிங்கம் ஐயா என்று ஒருவர், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. நேரம் காலத்தில் அவரை ஏமாற்றவே முடியாது. அவர்கள் குடும்பத்தில் முன்பு ஒரு கல்யாணத்தில் முகூர்த்தத்துக்குள் தாலி கட்டினார்களா, தாண்டிக் கட்டினார்களா என்ற சண்டை இன்னும் தீரவில்லையாம். அதனால் காலையிலேயே சேவியர் அண்ணனிடம் வந்து, தாலி கட்டுகிற படத்தின் மூலையில் நேரம் பதிய வேண்டும், பின்னால் யாரும் வாய் பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் கேமராவில் அந்த வசதி இருந்தது. நான்தான் முந்திக்கொண்டு, செய்துவிடலாம் ஐயா என்றேன்.

மாலை மாற்றும் படங்கள், ஊஞ்சல் படங்கள் எல்லாம் எடுத்தோம். பத்து மணிவாக்கில் கார்டை எடுத்துப்போய்க் காப்பி எடுத்தேன். நல்லபடியாக முடிந்தது. கார்டை மறுபடி கேமராவில் போட்டோம். ஐயர் தயார், மாப்பிள்ளை தயார், வினோதினி கூறைப்புடவை கட்டி வந்து உட்கார்ந்தாயிற்று. மேளக்காரரைக் காணோம்.

மேளம் பெண் வீட்டு ஏற்பாடு. அதாவது மாமாவின் ஏற்பாடு. விசாரித்தால், தவில்காரர் காலையிலேயே மாமாவிடம் வந்து, கோட்டுச்சேரியில் இன்னொரு கல்யாணம், ஒரு கெட்டிமேளம் கொட்டிவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். மாமாவும் தலையாட்டி அனுப்பிவிட்டார். கோட்டுச்சேரிக் கல்யாணத்தில் என்ன தாமதமோ, மனுஷன் வரவில்லை. கெட்டிமேளம் இல்லாமல் எப்படித் தாலி கட்டுவது? ஐயர் சொன்ன மந்திரத்தையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தர்மலிங்கம் ஐயா வாட்சைப் பார்த்தார். மாமா வாசலைப் பார்த்தார். நான் சுகன்யாவைப் பார்த்தேன். (வேறு எதைப் பார்ப்பது?)

தவில் வந்து இறங்கியபோது பத்தரை தாண்டிவிட்டது. "நேரம் முடிஞ்சிடுச்சே சம்பந்தி" என்றார் தர்மலிங்கம் ஐயா. மாமா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "உங்க வாட்சு வேகமா ஓடுதுங்க. இன்னும் நேரம் கெடக்கு. போட்டோவுலதான் பதியப்போவுதே, பாத்துக்குங்க" என்றார். சொல்லிவிட்டு நேராக எங்களிடம் வந்து, கேமராவுக்கு மட்டும் கேட்கிற குரலில், "தம்பி, அதுல நேரத்தைப் பின்னால தள்ள முடியுமா?" என்றார்.

சேவியர் அண்ணன் தயங்கினார். நான் தயங்கவில்லை. மாமா என்னிடம் ஓர் உதவி கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "எவ்வளவு தள்ளணும் மாமா?" என்றேன். ஒரு மணி நேரம் என்றார். கேமராவை வாங்கி, மூன்று பட்டனைத் தட்டி, பத்தே முக்காலை ஒன்பதே முக்கால் ஆக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சேவியர் அண்ணன் வழக்கம்போலத் தாலிக்கு ஒரு புது ஃபோல்டர் திறந்தார். நான் லைட்டைத் தூக்கினேன். கெட்டிமேளம் முழங்கியது, அட்சதை பறந்தது, தாலி ஏறியது. சேவியர் அண்ணன் விரலை எடுக்காமல் அடித்துத் தள்ளினார். முடிந்ததும் கேமராவை வாங்கி, நேரத்தைப் பழையபடி சரியாக வைத்தேன். எவ்வளவு நேர்மையான பிள்ளை பாருங்கள்.

இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. புரோகிராமை எழுதியவன் நான். கேமராவின் நேரத்தை மாற்றியவன் நான். இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் இருந்தோம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

அட்சதை ஆசீர்வாதம் முடிந்து, பரிசு கொடுப்பவர்கள் வரிசை நிற்க ஆரம்பித்ததும், கார்டை எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடினேன். செருகினேன். தட்டினேன். புரோகிராம் தாலி ஃபோல்டரைப் பார்த்தது. ஒன்பதே முக்காலுக்கு உருவானது. போன தடவை காப்பி எடுத்தது பத்து மணிக்கு. ஓ, இது பழசு, ஏற்கெனவே பத்திரமாக இருக்கிறது. ரிமூவ் ஆல்.

காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அங்கே ஒருத்தர் இப்போதுதான் இறங்கிய வஞ்சிரத்தின் பெட்டி மேல் நேற்றைய தேதியைச் சாக்கட்டியால் எழுதி வைத்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருகிற பொறுப்பான வேலைக்காரன் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் கடலில் கொட்டுவான். அந்தச் சாக்கட்டி பிடித்த கையும் என் கை, பெட்டியைக் கவிழ்த்த கையும் என் கை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றது திரை. நானும் நல்லபடியாகக் கார்டைக் கொண்டுபோய்க் கேமராவில் போட்டேன். சேவியர் அண்ணன் அதில் பரிசு கொடுப்பவர்களை வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தார். காலியான இடத்தில் எல்லாம் யார் யாரோ குடிவந்துகொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, அதுவரை எடுத்த பரிசுப் படங்களையும் காப்பி எடுத்துக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், அப்போது சுகன்யா அறைக்குள் எட்டிப் பார்த்து, அக்கா தாலி கட்டின படத்தைக் காட்டச் சொன்னார். ராஜா மாதிரி லேப்டாப்பைத் திருப்பி வைத்து, ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். மாலை மாற்றும் வினோதினி. கூறைப்புடவை வாங்கும் வினோதினி. அடுத்த படத்தில் கல்கண்டு சாப்பிட்டபடி ஒரு பெரியவர் இருநூறு பேருக்கு முன்னால் ஒரு குத்துவிளக்கைப் பரிசாக நீட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், தாலி கட்டுறது எங்க?" என்றார் சுகன்யா. "இந்தப் படத்துல அக்கா கழுத்து வெறுங்கழுத்தா இருக்குது. அடுத்த படத்துல தாலி தானா முளைச்சிருக்குது."

முன்னால் தள்ளினேன், பின்னால் தள்ளினேன். குப்பைத் தொட்டியைத் திறந்தேன். நாம் கையால் அழிக்கிற கோப்பு அங்கே போய்க் கொஞ்ச நாள் காத்திருக்கும், மனசு மாறினால் எடுத்துக்கொள்ளலாம். புரோகிராம் அழிப்பது அங்கே போகாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அப்போதும் காலியாகத்தான் இருந்தது. அப்போதுதான் ஒன்பதே முக்காலும் பத்தும் என் மண்டைக்குள் ஒன்றை ஒன்று சந்தித்துக்கொண்டன.

சுகன்யா என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்து என் பின்னால் போட்டார். விழுந்தால் அதில் விழட்டும் என்று.

சேவியர் அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி, சட்டைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டார். "இனிமே இதுல ஒரு படம் எடுக்கக் கூடாது. எடுத்தா மிச்சம் மீதி இருக்கறதும் போயிடும். சாயங்காலம் கடையில போட்டுப் பாக்கறேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ பொண்ணோட அப்பாகிட்ட சொல்லிடு" என்றார். அவர் கோபமாகக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யார் போனிலாவது இருக்காதா என்று மண்டபம் முழுக்கச் சுற்றினோம். நிறையப் பேர் எடுத்திருந்தார்கள். மேடைக்கு எதிரே இருந்து எடுத்த எல்லாப் படத்திலும் லைட்டோடு நிற்கும் ஒரு முதுகு இருந்தது. வலது பக்கத்திலிருந்து எடுத்தவர்கள் படத்திலும் அதே முதுகு. இடது பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வீடியோவே எடுத்திருந்தாள். அதில் அந்த முதுகு லேசாக அசைந்தது. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வந்திருந்த எல்லார் போனிலும் நான் இருந்தேன். தாலி இல்லை.

மாமாவிடம் சொல்லப் போனேன். அவர் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல நினைத்து அவர் காதருகே குனிந்தேன். அதற்குள் எதிர் இலையிலிருந்து தர்மலிங்கம் ஐயா, "வாங்க தம்பி, உங்களைத்தான் தேடுறேன். அந்தத் தாலி போட்டோ எங்க? நேரம் பாக்கணும்" என்றார்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உண்மை முழுவதையும் சொன்னால், முகூர்த்தம் தாண்டிவிட்டது என்பதும், அதை மறைக்க மாமா நேரத்தை மாற்றச் சொன்னார் என்பதும், அத்தனை இலைகளுக்கு நடுவில் தெரிந்துபோகும். பெண் வந்து சேர்ந்த முதல் நாளே சம்பந்தி வீட்டில் மாமாவின் பேச்சுக்கு மதிப்பு இல்லாமல் போகும். வினோதினியின் காதில் அது எத்தனை வருஷம் ஒலிக்குமோ. சொல்லாவிட்டால், நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று மாமா வாய்விட்டுச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். சுகன்யாவை மறந்துவிட வேண்டியதுதான்.

"படம் அழிஞ்சிடுச்சுங்க ஐயா. தப்பு முழுக்க என்னோடது" என்றேன்.

பந்தியில் அப்பளம் உடையும் சத்தம்கூட நின்றது. மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதலில் கோபம் இருந்தது. அடுத்த நொடியே அது பயமாக மாறியது. நேரத்தை மாற்றிய விஷயத்தையும் நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

"மத்த படமெல்லாம் இருக்குதுங்கிறாங்களே. அது மட்டும் எப்படித் தம்பி அழியும்?" என்றார் தர்மலிங்கம் ஐயா. விடுகிற ஆள் இல்லை.

"ஃபோல்டரோட நேரத்தைப் பாத்து முடிவு பண்ற மாதிரி எழுதிட்டேங்க" என்று ஆரம்பித்தேன்.

"நேரமா? என்ன நேரம்?"

மாமாவுக்குப் புரையேறியது. யாரோ அவர் தலையில் தட்டினார்கள். நான் ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, பொய்யே சொல்லாமல் தப்பிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழியை எடுத்தேன். விளக்க ஆரம்பித்தேன். கம்பைலர் என்றால் யார் என்பதிலிருந்து தொடங்கினேன். அவர் எதற்கெல்லாம் கோபிப்பார், எதற்கெல்லாம் கோபிக்கமாட்டார் என்றேன். ஃபோல்டர் என்றால் என்ன, அதற்குள் ஃபோல்டர் எப்படி இருக்கும் என்று காலி தொன்னையையும் அதற்குள் இன்னொரு தொன்னையையும் வைத்துக் காட்டினேன். ரிமூவின் நல்ல குணத்தை விரிவாகச் சொன்னேன். அதன் பிறகு ரிமூவ் ஆலுக்கு வந்தேன். சாம்பார் வாளியோடு வந்தவர் நின்று கேட்டுவிட்டு, ஊற்றாமலே போய்விட்டார். தர்மலிங்கம் ஐயா முதலில் தலையாட்டினார், பிறகு கண்ணைத் தேய்த்துக்கொண்டார், பிறகு ஒரு கையைத் தூக்கினார்.

"போதும் தம்பி. ரசம் ஆறுது" என்றார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சொல்லவும் இல்லை. இது சரியா தப்பா என்று நீங்கள் கேட்டால், இன்றைக்கும் என்னிடம் நிச்சயமான பதில் இல்லை. அந்த இலைகளுக்கு நடுவில் மறுபடி நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன், அது மட்டும் நிச்சயம்.

சாயங்காலம் ஸ்டுடியோவில் சேவியர் அண்ணன் அழிந்த படங்களை மீட்கிற மென்பொருளை ஓடவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் அழிப்பது என்றால் உடனே எரித்துச் சாம்பலாக்குவது இல்லை. 'இந்த இடம் காலி' என்று பலகை மாட்டுவது மட்டும்தான். வேறு யாரும் குடிவராத வரைக்கும் பழைய ஆள் உள்ளேதான் இருப்பார். எங்கள் துரதிர்ஷ்டம், பரிசு கொடுத்தவர்கள் எல்லோரும் குடிவந்துவிட்டார்கள். வந்ததெல்லாம் உடைந்த படம், கறுப்புப் படம், குத்துவிளக்குக்காரர் படம்.

அப்போது வாசலில் மாமாவின் மொபெட் வந்து நின்றது. உள்ளே வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரே ஒரு படம் எழுந்து வந்தது. அதுவும் பாதி. மேல் பாதிதான் இருந்தது, கீழ்ப் பாதி முழுக்க வெறும் சாம்பல் நிறம். மணமக்கள் முகம் இல்லை, தாலி இல்லை, மூலையில் இருந்த நேரமும் இல்லை. இருந்தது என்னவென்றால், காற்றில் பறக்கும் அட்சதை, தூக்கிய கைகள், பின்வரிசையில் நிற்கிறவர்களின் தலைகள். நட்டநடுவில், தெள்ளத் தெளிவாக, தர்மலிங்கம் ஐயா. ஊரே அட்சதை போட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா முதலில் தோளால் சிரித்தார். பிறகு வயிற்றால் சிரித்தார். கடைசியில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான். சேவியர் அண்ணன் நாகரிகமாக டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார்.

"மாத்தச் சொன்னது நான்தான்னு பந்தியில ஏன் சொல்லல?" என்றார் மாமா.

நாள் முழுக்கப் பயந்து பயந்து எனக்குப் பயம் தீர்ந்துபோயிருந்தது. "சுகன்யா கல்யாணத்துக்கும் நீங்கதானே மாமா முன்னால நிக்கணும்" என்றேன்.

சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. மாமா எழுந்தார். வாசல் வரைக்கும் போனார். மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். ஏறி உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"மேளத்துக்கு மட்டும் வேற ஆளப் பாரு, மாப்ள."

அப்படித்தான் உங்கள் அம்மா இந்த வீட்டுக்கு வந்தார். எங்கள் கல்யாணத்தன்று நான் லேப்டாப் இருக்கிற அறைப் பக்கமே போகக் கூடாது என்று மாமா கட்டளை போட்டார். சேவியர் அண்ணன் அறையைப் பூட்டிச் சாவியைச் சுகன்யாவிடமே கொடுத்துவிட்டார். நான் அந்தப் புரோகிராமைப் பிறகு திருத்திவிட்டேன். இப்போது அது முதலில் காப்பி எடுக்கும். எடுத்தது சரியாக வந்ததா என்று ஒவ்வொரு படமாக ஒப்பிட்டுப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் அழிக்கும், அதுவும் என்னைக் கேட்டுவிட்டு. நேரத்தை நம்புகிற வேலையே கிடையாது. இன்று காரைக்காலில் மூன்று ஸ்டுடியோக்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. நீங்களும் ஒருநாள் அழிக்கிற புரோகிராம் எழுதுவீர்கள். அழிக்க வேண்டிய ஃபோல்டர்களின் பெயர்களை முதலில் திரையில் மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். அதன் பிறகு அழியுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அந்தப் பாதிப் படம் திருமலைராயன்பட்டினத்தில் உங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு தர்மலிங்கம் ஐயா நேரத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை. உங்கள் பெரியப்பாதான் விடுவதில்லை. பெரியம்மாவோடு சண்டை வந்துவிட்டால், "நான் உனக்குத் தாலி கட்டினேன்னு என்ன அத்தாட்சி? ஒரு போட்டோ காட்டு, பாப்போம்" என்பார். பெரியம்மா போனை எடுப்பார். எனக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, "செந்திலு, இவரு மறுபடியும் அத்தாட்சி கேக்குறாரு. என்ன ஆச்சுன்னு நல்லா வெளக்கமா சொல்லு" என்பார்.

நானும் நல்ல விளக்கமாகவே சொல்வேன். கம்பைலரிலிருந்து ஆரம்பிப்பேன். இத்தனை வருஷத்தில் ரிமூவ் ஆல் வரைக்கும் போக எனக்கு ஒரு தடவைகூட வாய்ப்புக் கிடைத்ததில்லை. அதற்குள் இருவரும் ஒரே குரலில், சமாதானமாகிவிட்டோம், போனை வை என்று சொல்லிவிடுவார்கள்.